அருவிக்கு இந்தப்பக்கம்

யம்போரி ஓடுதளம்
மலையில் சாய்த்துவைத்த பலகை.
நானூற்றைம்பது மீட்டர் புல்,
மேல்முனையில் பாறைச் சுவர்,
கீழ்முனையில் வெறும் காற்று.
மேல்நோக்கி இறங்க வேண்டும்,
கீழ்நோக்கிக் கிளம்ப வேண்டும்.
இதைச் சொன்னால் என் தங்கை சிரிக்கிறாள்.
போர்ட் மோர்ஸ்பியில் அவளுக்கு வங்கி வேலை.

இடப்பக்கம் ஓர் அருவி.
அருவிக்கு இந்தப்பக்கம் நான் விமானி.
மறுக்கலாம், திரும்பலாம்,
தெர்மாஸில் காப்பி ஆறுவதற்குள்
கோரோகாவுக்கே போய்விடலாம்.
அருவியைத் தாண்டினால்
யாரோ எறிந்துவிட்ட கல்.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை.
பின்னால் பதினோரு மூட்டை அரிசி, ஒரு தையல் இயந்திரம்.
பக்கத்தில் ஆசிரியர் கெபாய்,
மடியில் தேர்வுத்தாள் கட்டு.
வேகமானியில் எழுபத்தெட்டு நாட்.
அறுபத்தைந்து இருக்க வேண்டும்.
உயரமும் கொஞ்சம் கூடுதல்.
மூக்கு ஓடுதளத்தைப் பார்த்தது,
உடம்பு வேறெங்கோ நகர்ந்தது.
சின்னப் பிழைகள்தாம்.
பிழைக்கு ஒரு திருத்தம்,
திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம்.
சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.
அருவி கடந்து போயிற்று.

பாதிப் புல் தாண்டித்தான் சக்கரம் பட்டது.
துள்ளி, மறுபடி பட்டு, வழுக்கி,
பாறையில் முளைத்த பெரணிகளை
எண்ணக்கூடிய தூரத்தில் நின்றது.
எண்ணினேன். ஏழு.

கெபாய் கைதட்டினார்.
பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.
தையல் இயந்திரத்தில் ஒரு கீறல் இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
ஒன்பது நாற்பத்திரண்டு, யம்போரி, தரையிறக்கம்.
அந்த வரியில் ஒரு பொய்யும் இல்லை.
அன்றிரவு அதை நினைத்துத்தான் தூங்கவில்லை.

மோதியிருந்தால் பாடமாகியிருக்கும்,
எனக்கில்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு.
நின்றுவிட்டதே!
எழுபத்தெட்டிலும் முடியும் என்று
என் கைகளுக்கு யாரோ ரகசியம் சொல்லிவிட்டார்கள்.
இனி அவை கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரியாகிவிடும்.
இந்தச் சொல்லின் வாலைப் பாருங்கள்.
விடும்.
அங்கேதான் ஏதோ ஒன்று
பிடியை விடுகிறது.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல்.
தொடை எலும்பு முறிந்த யுவாக்கேவை
கம்பில் கட்டிய போர்வையில் கிடத்தி
நாலு மணி நேரம் சுமந்து வந்து
ஓடுதளத்தின் ஓரத்தில் காத்திருந்தார்கள்.
வானொலியில் டோபியா,
‘காற்று சும்மாதான் இருக்கிறது, வா’ என்றான்.
காற்றுப்பையோ
பால் குடித்த பன்றிக்குட்டியாய் உப்பி
மலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.
அவன் பொய்யனல்ல.
யுவாக்கே அவன் மாமன்.

எழுபத்தொன்பது.
அருவி இன்னும் முன்னால்தான் இருந்தது.
கை ஏற்கெனவே திருத்தத் தொடங்கியிருந்தது,
என்னைக் கேட்காமலே.

விசையை முழுக்கத் தள்ளினேன்.
வலப்பக்கம் சாய்ந்து
பள்ளத்தாக்கை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டேன்.
இறக்கையின் அடியில் அவர்கள் தெரிந்தார்கள்.
போர்வையைச் சுற்றி முகங்கள்,
அப்புறம் முகங்கள் இல்லை, முதுகுகள்.
டோபியா ஒன்றும் பேசவில்லை.
வானொலியை அணைக்கவும் இல்லை.
அந்த இரைச்சலைக் கேட்டபடியே கோரோகா வரை வந்தேன்.

இறங்காமல் போனதை எழுத
பதிவேட்டில் கட்டம் கிடையாது.

மறுநாள் விடியலில் காற்று எழுந்திருக்கவில்லை.
அறுபத்தைந்து. அறுபத்தைந்து. அறுபத்துநாலு.
புல்லின் முதல் கால்பகுதியிலேயே சக்கரம் பட்டது.
தூரத்தில் பெரணிகள்
வெறும் பச்சைக் கறை.

யாரும் கைதட்டவில்லை.
யுவாக்கேவை ஏற்றினோம்.
கால் இரவோடிரவாக
இன்னொரு ஆளின் கால் அளவுக்கு வீங்கியிருந்தது.
மேகத்துக்கு மேலே வந்தபின்
பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:
‘நேற்று என்னத்தைப் பார்த்துப் பயந்தாய்?’

‘எழுபத்தொன்பது’ என்றேன்.

நான் மேலும் ஏதாவது சொல்வேனென்று
கொஞ்சம் காத்திருந்தார்.
பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.